பெரிய புரதம் பிளாட்டில் விழவே இல்லை, எஸ்ஆர்எஃப் மதிப்பீடு வேறு வருகிறது: இருப்பதா, கிளம்புவதா?

வேளச்சேரி_செல்

வணக்கம். சென்னையில் ஒரு லேபில் ஜேஆர்எஃப் (உதவித்தொகை பெறும் பிஎச்டி மாணவி; மதிப்பீட்டில் தேறினால் அடுத்த நிலை எஸ்ஆர்எஃப்). இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) செல்கள் டாக்ஸோரூபிசின் என்ற மருந்துக்கு எப்படிப் பழகிக்கொள்கின்றன என்பதுதான் தலைப்பு. எதிர்ப்புள்ள செல்களில், மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் கூடியிருக்கிறது என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) காட்ட வேண்டும். மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் க்யூபிசிஆரில் அந்தப் புரதத்தின் ஏபிசிபி1 மரபணு நன்றாகவே ஏறியிருக்கிறது. பிளாட்டில் அந்தப் புரதம் வர வேண்டிய 170 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் வெறும் வெள்ளை. கீழே 37-இல், ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் ஜிஏபிடிஎச் புரதம் மட்டும் தடித்தடியாக வருகிறது.

என் செய்முறை: ரிப்பா பஃபரில் லைசிஸ் (செல்லை உடைப்பது), லேம்லி பஃபர் கலந்து 95 டிகிரியில் 5 நிமிடம், 12% ஜெல், மெத்தனாலில் நனைத்த பிவிடிஎஃப் மெம்பரேன், 20% மெத்தனால் உள்ள பஃபரில் 100 வோல்ட் ஒரு மணி நேரம் வெட் டிரான்ஸ்ஃபர், 5% பால் பவுடரில் பிளாக்கிங். ஆன்டிபாடி அளவை ஏற்றிப் பார்த்தேன், எக்ஸ்போஷரை நீட்டிப் பார்த்தேன். மெம்பரேன் முழுக்கக் கறுத்ததுதான் மிச்சம். கைடிடம் கொண்டுபோனால் "ரிப்பீட் பண்ணும்மா" என்கிறார்.

இரண்டாவது கேள்வி. என்னோடு எம்எஸ்சி முடித்தவர்கள் பலர் ஓஎம்ஆர் ஐடி சாலையில் மெடிக்கல் கோடிங், டிரக் சேஃப்டி என்று போய்விட்டார்கள். எஸ்ஆர்எஃப் மதிப்பீட்டுக்கு முன்பே நானும் கிளம்பிவிடலாமா என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

பழைய_பைப்பெட்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். இரண்டாவதை இதோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள்.

ஜிஏபிடிஎச் ஆன்டிபாடியும் எலியில் எடுத்ததுதானா? ஆம் என்றால் உங்கள் செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி), ஈசிஎல் (ஒளி தரும் கரைசல்), கேமரா எல்லாம் சரியாக வேலை செய்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம். கோளாறு அதற்கு முந்தைய படிகளில், அதுவும் பெரிய புரதத்தை மட்டும் பாதிக்கிற படிகளில் இருக்கிறது. அப்படிப்பட்டவை மூன்றுதான்: சாம்பிள் தயாரிப்பு, ஜெல், டிரான்ஸ்ஃபர்.

170 கிலோடால்டனை 12% ஜெல்லில் ஓட்டுவது தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் பீரோ தூக்கிக்கொண்டு போகிற கதை. 7.5% ஜெல் ஊற்றுங்கள், 6% கூடப் போகலாம். ஜிஏபிடிஎச் கீழே ஓடிப்போய்விடும் என்று பயமாக இருந்தால் 4 முதல் 15% கிரேடியன்ட் ஜெல் வாங்கச் சொல்லுங்கள். விலை கேட்டதும் கைடு முகம் மாறும், அது வேறு விஷயம்.

அடுத்தது மெத்தனால். அது புரதத்தை மெம்பரேனில் பிடித்துவைக்க உதவுகிறது, வாஸ்தவம்தான். ஆனால் ஜெல்லைச் சுருக்கும், புரதத்தின் மேல் ஒட்டி அதை ஓடவைக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பையும் உரித்துவிடும். சின்னப் புரதம் எப்படியோ வெளியே வந்துவிடும். பெரியது ஜெல்லுக்குள்ளேயே படிந்துவிடும். மெத்தனாலை 10%-க்கு இறக்குங்கள், டிரான்ஸ்ஃபர் பஃபரில் 0.05% எஸ்டிஎஸ் சேருங்கள், கோல்டு ரூமில் 4 டிகிரியில் 30 வோல்ட் வைத்து இரவு முழுக்க விடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. டிரான்ஸ்ஃபர் முடிந்த ஜெல்லைக் குப்பையில் போடாமல் கூமாஸியில் போடுங்கள். மெம்பரேனைப் பொன்சோ எஸ்ஸில் போடுங்கள். புரதம் ஜெல்லிலேயே நிற்கிறதா, மெம்பரேனுக்கு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டும் சேர்ந்து பத்து ரூபாய்ச் சாயம்கூட ஆகாது. ஆன்டிபாடி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

சவ்வுக்காரி

பைப்பெட் சார் சொன்னதில் ஜெல்லும் டிரான்ஸ்ஃபரும் சரி. ஆனால் எனக்குக் கண்ணை உறுத்துவது அந்த 95 டிகிரிதான்.

பி-கிளைக்கோபுரோட்டீன் செல் சவ்வை 12 முறை ஊடுருவிப் போகிற புரதம். 1,280 அமினோ அமிலம். சவ்வுக்குள் இருக்கும் பகுதிகள் எல்லாம் நீரைக் கண்டால் ஓடுபவை. கொதிக்க வைத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அந்தத் திரள் ஜெல்லுக்குள் நுழையாமல் கிணற்றிலேயே (சாம்பிள் ஊற்றும் குழி) உட்கார்ந்துவிடும். டிரான்ஸ்போர்ட்டர் புரதங்களோடு மாரடிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் பொதுவான புரோட்டோகால் தாளில் 95 என்றுதான் அச்சடித்திருக்கும். 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். கொதிக்கவைத்தது ஒரு கிணறு, வைக்காதது ஒரு கிணறு, பக்கத்தில் பக்கத்தில். பதில் ஒரே ஜெல்லில் கிடைத்துவிடும்.

எந்த குளோன் ஆன்டிபாடி? சி219 என்றால் பிளாட்டுக்கு ஆகும். யுஐசி2, எம்ஆர்கே16 போன்றவை செல்லுக்கு வெளியே மடிந்த வடிவத்தில் இருக்கும் பகுதியை அடையாளம் காண்பவை. முழுச் செல்களை ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குத்தான் அவை லாயக்கு. எஸ்டிஎஸ்ஸில் அவிழ்ந்துபோன புரதத்தில் அவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது.

பாசிட்டிவ் கன்ட்ரோல், அதாவது புரதம் கட்டாயம் இருக்கும் சாம்பிள், எது? உங்கள் பதிவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையே.

வேளச்சேரி_செல்

சி219தான். ஜிஏபிடிஎச் ஆன்டிபாடியும் எலிதான். பாசிட்டிவ் கன்ட்ரோல் இதுவரை ஓட்டவில்லை, லேபில் யாரிடமும் இல்லை. இரவு முழுக்க டிரான்ஸ்ஃபர் வைக்கலாம், ஆனால் ஹாஸ்டல் கேட் 9 மணிக்கு. நடுவில் கரண்ட் போனால் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

சவ்வுக்காரி

கே562 என்ற லுக்கேமியா செல்லில் டாக்ஸோரூபிசினுக்குப் பழக்கிய வகையை ஊரில் யாராவது வைத்திருப்பார்கள். அடையாறு, தரமணி, கிண்டி, சேத்துப்பட்டு என்று நாலு பக்கமும் லேப் இருக்கிற ஊர் இது. செல் வாங்கக்கூட வேண்டாம், லைசேட் (உடைத்த செல்களின் கரைசல்) ஒரு குழாய் கேளுங்கள். ஐஸில் வைத்து ஆட்டோவில் வந்துவிடும். கைடு ஒரு மெயில் போட்டால் தருவார்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பதால்தான் பாதி ஆய்வு தாமதமாகிறது.

கரண்ட் போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வோல்ட் நின்றால் டிரான்ஸ்ஃபரும் நிற்கும், அவ்வளவுதான். உங்கள் பவர் பேக் தானாகத் தொடரும் ரகமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

முதல்வருட_முயல்

அக்கா, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். க்யூபிசிஆரில் டெம்ப்ளேட் போடாத கிணற்றிலும் சிடி (சிக்னல் தென்படும் சுற்று எண்) 34 வருகிறது. தண்ணீரை மாற்றிவிட்டேன். என்ன செய்ய?

சவ்வுக்காரி

மெல்ட் கர்வ் (பெருகிய டிஎன்ஏ எந்த வெப்பத்தில் பிரிகிறது என்ற வரைபடம்) பார். உண்மையான பொருளைவிடக் குறைந்த வெப்பத்தில் மலை வந்தால் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. பிரைமர் அளவைக் குறை, இல்லை வேறு ஜோடி வடிவமை. அதே வெப்பத்தில் வந்தால் கலப்படம்: பைப்பெட், பிரைமர் ஸ்டாக், மேஜை எல்லாவற்றையும் சந்தேகப்படு. உன் சாம்பிள்கள் சிடி 22-இல் இருந்தால் 34 பெரிய தலைவலி இல்லை. 31, 32-இல் இருந்தால்தான் தலைவலி. மீதிக்குத் தனி இழை போடு தம்பி.

பைத்தான்_பக்தன்

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப்போகிறேன். 2026-இலும் ஒரு பேண்டுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது வேஸ்ட். வெட் லேப் வேலைக்குச் சந்தையில் மதிப்பில்லை. ஆர், பைத்தான் என்று புரோகிராமிங் கற்றுக்கொள்ளுங்கள். ஆர்என்ஏ சீக்வென்சிங் தரவு இலவசமாகக் கொட்டிக்கிடக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பேப்பர் எழுதலாம்.

இரட்டைப்_படகு

பக்தரே, நான் இரண்டும் செய்கிறேன். அதனால் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

போன வருடம் ஒரு தரவுத் தொகுப்பு வந்தது. கன்ட்ரோல் சாம்பிள்கள் எல்லாம் ஒரு நாளில் ஆர்என்ஏ எடுத்தவை, மருந்து கொடுத்தவை எல்லாம் வேறொரு நாளில், வேறொருவர் எடுத்தவை. ஆயிரக்கணக்கில் மரபணுக்கள் மாறியிருப்பதாக டீசெக்2 மென்பொருள் அடித்துச் சொன்னது. மாறியது மருந்தாலா, நாளாலா, எடுத்த கையாலா? எந்தக் கோடாலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் மூன்றும் ஒன்றோடொன்று முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன. ஐந்து வரி கோடு எழுதத் தெரிந்தவர் கண்ணில் அது படவில்லை. டிரைசாலில் ஆர்என்ஏ எடுத்துப் பழகியவருக்கு முதல் கேள்வியே "எந்த நாளில் யார் எடுத்தது?" என்பதுதான்.

கற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை. வேளச்சேரி, கூமாஸி ஊறும் நேரத்தில் ஆர் படியுங்கள். தன் பிளாட்டின் அடர்த்தியைத் தானே அளந்து, தன் படத்தைத் தானே வரையத் தெரிந்தால் போதும், தொடக்கத்துக்கு அது நிறைய. ஆனால் பிளாட் வரவில்லை என்பதற்காகக் கோடுக்கு ஓடினால் அங்கேயும் எரர் வரும். அங்கேயும் "ரிப்பீட் பண்ணுங்க" என்று சொல்ல ஆள் இருப்பார்கள்.

ஓஎம்ஆர்_அக்கா

பிஎச்டி முடித்துவிட்டு டிரக் சேஃப்டிக்குப் போனவள் நான். உள்ளே இருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள் தங்கச்சி.

மெடிக்கல் கோடிங்கும் டிரக் சேஃப்டியும் ஒன்றல்ல. கோடிங் என்பது பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைப் பதிவைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட்டு, பில்லுக்கு அனுப்புவது. உடற்கூறு தெரிந்தால் போதும். நீ கற்ற மூலக்கூறு உயிரியல் அங்கே பெட்டிக்குள் போய்விடும். கௌரவமான வேலைதான், வீட்டுக்குப் பணம் உடனே தேவை என்றால் தயங்காதே.

டிரக் சேஃப்டியில் ஒரு நோயாளிக்கு மருந்தால் என்ன ஆயிற்று என்ற அறிக்கையைப் படித்து, தேதிகளைக் கோத்து, கதையாக எழுதுவோம். மருந்துச் சோதனையில் எதிர்பாராத விதமாக உயிருக்கு ஆபத்தோ மரணமோ நேர்ந்தால் 7 நாளுக்குள் அரசு அமைப்புக்குப் போக வேண்டும், மற்ற கடுமையான எதிர்பாராத விளைவுகள் 15 நாளுக்குள். சனி, ஞாயிறு, பொங்கல் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். அதன் சுகம் ஃபெலோஷிப்புக்குக் காத்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. எம்எஸ்சியோடு உள்ளே வந்தவர்களும் நானும் ஒரே மேஜையில்தான் தொடங்கினோம். பட்டத்தின் பலன் பிறகுதான் தெரிந்தது, சிக்னல் ஆராய்ச்சி (புதுப் பக்கவிளைவின் அறிகுறியைத் தேடுவது), மெடிக்கல் ரைட்டிங் பக்கம் நகரும்போது. ஆகவே இந்த வேலை பிடித்திருக்கிறது என்றால் இப்போதே வரலாம், பிஎச்டி கட்டாயமில்லை. பிளாட் பிடிக்கவில்லை என்று வந்தால் ஆறு மாதத்தில் எக்செல் ஷீட்டும் பிடிக்காமல் போகும். நான் இன்டர்வியூ எடுக்கும்போது இந்த இரண்டாவது ரகத்தைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன்.

செலவுக்கணக்கு

கொஞ்சம் பணம் பேசலாமா? ஜேஆர்எஃப் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. காகிதத்தில் மோசமில்லை. ஆனால் அது மாதா மாதம் வருகிறதா என்று எந்த ஸ்காலரிடமாவது கேளுங்கள். எங்கள் லேபில் யுடிலைசேஷன் சர்டிபிகேட் (பணம் செலவான கணக்குச் சான்று) மேஜை மேஜையாக ஊர்ந்து போனதில் மாதக்கணக்கில் கடன் வாங்கித்தான் வாடகை கட்டினோம்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. ஃபெலோஷிப் இரண்டும் சேர்த்து 5 ஆண்டு. யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பிஎச்டிக்கு அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. அதாவது பணம் நின்றபிறகும் ஆய்வேடு ஓடலாம். அந்த இடைவெளியில்தான் பலர் காணாமல் போகிறார்கள். ஆய்வேடு கொடுப்பதற்கு முன் பேப்பர் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி அதே விதிமுறையில் நீக்கிவிட்டது, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக வைத்திருக்கின்றன. உங்களுடையது என்ன என்று இன்றே அலுவலகத்தில் கேட்டுவையுங்கள்.

கிண்டி_பஸ்ஸ்டாப்

இந்த ஊரில்தான் ஜி.என். ராமச்சந்திரன் 1954-இல் கொலாஜன் புரதத்தின் முச்சுருள் வடிவத்தைச் சொன்னார். எந்த வசதியும் இல்லாத காலம். நமக்கு 12% ஜெல் ஓடவில்லை என்றால் அழுகை.

செலவுக்கணக்கு

எதற்கெடுத்தாலும் ராமச்சந்திரனை இழுக்காதீர்கள் ஐயா. அவர் இருந்த மெட்ராஸில் வேளச்சேரி வாடகை இந்த விலை இல்லை.

கிண்டி_பஸ்ஸ்டாப்

சரி சரி, விட்டேன். உருப்படியாக ஒன்று: கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுத அறிவியல் பட்டம் போதும், வக்கீல் படிப்பு வேண்டாம். இரண்டு தாள், அப்புறம் வாய்மொழித் தேர்வு. ஆன்டிபாடி, வெக்டர், பிரைமர் என்றால் என்னவென்று தெரிந்தவர்களைக் காப்புரிமை நிறுவனங்கள் தேடுகின்றன. கை நடுங்கினாலும் பரவாயில்லை, வாக்கியம் நடுங்கக்கூடாது.

பழைய_பைப்பெட்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது முதல் சுற்றில் நானும் உட்காருவேன். வரும் ரெஸ்யூம் எல்லாவற்றிலும் "பிசிஆர், வெஸ்டர்ன் பிளாட், எலைசா, செல் கல்ச்சர்" என்று ஒரே வரி. அந்த வரியை நான் படிப்பதே இல்லை. கடைசியாக எது வேலை செய்யவில்லை, எந்தப் படியில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பேன். "புது கிட் வாங்கினோம், சரியாகிவிட்டது" என்பார் ஒருவர். இன்னொருவர் நோட்டைத் திறந்து, "பெல்லெட்டை, அதாவது கரையாமல் அடியில் தங்கியதை, எஸ்டிஎஸ்ஸில் கரைத்து ஓட்டினேன், புரதம் அதில் இருந்தது, எனவே லைசிஸ்தான் பிரச்சினை" என்பார். அவரை எடுத்துவிடுவோம், அவர் எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று பார்க்காமல்.

வேளச்சேரி, இந்த பிளாட்டை இப்போது விட்டுவிட்டு வந்தால் உங்களிடம் இருப்பது முதல் ரகப் பதில். இன்னும் மூன்று வாரம் முறையாகச் செய்தால், பேண்டு வந்தாலும் வராவிட்டாலும், இரண்டாம் ரகப் பதில் கையில் இருக்கும். கிளம்புவதாக இருந்தால் அதோடு கிளம்புங்கள். ஒரு ஜெல்லில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை அன்றே எழுதுங்கள். லேடர் (எடை தெரிந்த அளவுகோல் புரதங்கள்) லாட் எண், பஃபர் தயாரித்த தேதி, ரூம் வெப்பநிலை உட்பட. அயல்நாட்டுப் புரோட்டோகாலில் "அறை வெப்பநிலை" என்றால் 20, 25 டிகிரி. நம் ஊர் மே மாதத்தில் சாயங்காலம் ஏசியை நிறுத்திய லேப் அது அல்ல.

அப்புறம், பால் பவுடர் கரைசல் கெட்டுப்போகாமல் இருக்க யாராவது சோடியம் அசைடு போடச் சொல்வார்கள். எச்ஆர்பி என்சைம் இணைந்த செகண்டரியோடு அதைச் சேர்க்கவே கூடாது, என்சைமையே முடக்கிவிடும். தினமும் புதிதாகக் கரையுங்கள்.

வேளச்சேரி_செல்

எல்லோருக்கும் நன்றி. முதலில் பழைய முறையிலேயே ஓட்டி, டிரான்ஸ்ஃபர் ஆன ஜெல்லைக் கூமாஸியில் போட்டேன். 100-க்குக் கீழே ஜெல் கிட்டத்தட்ட காலி. மேலே நீலமாக அப்படியே நிற்கிறது. பொன்சோவில் மெம்பரேனின் மேல்பகுதி வெறுமை. இத்தனை நாள் வராத புரதத்துக்கு ஆன்டிபாடி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

7.5% ஜெல், கோல்டு ரூமில் இரவு டிரான்ஸ்ஃபர் என்று மாற்றியதும் மேல்பகுதி மெம்பரேனுக்கு வந்தது. ஆனால் கொதிக்கவைத்த கிணற்றில் அப்போதும் 170-இல் ஒன்றுமில்லை, கிணற்றின் விளிம்பில்தான் கறுப்பு. 37 டிகிரியில் வைத்த கிணற்றில் 170 பக்கம் அகலமாக, கலங்கலாக ஒரு பட்டை. எதிர்ப்புள்ள செல்லிலும், அடையாறிலிருந்து வாங்கிவந்த கே562 லைசேட்டிலும் இருக்கிறது. சாதாரணச் செல்லில் இல்லை. ஆனால் பட்டை ஏன் இப்படி மேகமாக இருக்கிறது? கைடு "இது பேண்டா, கறையா?" என்று கேட்கிறார்.

சவ்வுக்காரி

அப்பாடா! அது பேண்டுதான். அந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறியிருக்கின்றன, எல்லா மூலக்கூறிலும் ஒரே அளவில் அல்ல. அதனால் கூர்மையாக வராது. கூர்மையாக வந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். கைடை நம்பவைக்க வேண்டுமா? லைசேட்டைப் பிஎன்கேஸ் எஃப் என்சைமில் போட்டுச் சர்க்கரையை வெட்டுங்கள். பட்டை 140 பக்கம் இறங்கி, கூர்மையாகும். கறை இறங்காது.

பிளாட்டை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். ரோடமைன் 123 சாயத்தை இந்தப் புரதம் செல்லுக்கு வெளியே தள்ளும். ஃப்ளோவில் பாருங்கள்: எதிர்ப்புள்ள செல் மங்கலாக இருக்க வேண்டும், அந்தப் புரதத்தைத் தடுக்கும் வெராபமில் கொடுத்தால் மறுபடி பிரகாசமாக வேண்டும். புரதம் இருக்கிறது என்பதோடு வேலையும் செய்கிறது என்று காட்டிவிடலாம். மதிப்பீட்டுக் குழுவுக்கு இது பிளாட்டைவிடப் பிடிக்கும்.

வேளச்சேரி_செல்

ஃப்ளோ ஸ்லாட் இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைக்கும், போட்டுவிட்டேன். மதிப்பீடு அதற்கு அடுத்த வாரம். அதுவரை இருக்கப்போகிறேன். அதற்குப் பிறகு என்ன என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. ஓஎம்ஆர் அக்கா, மெடிக்கல் ரைட்டிங்குக்கு ரெஸ்யூம் எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் கேட்கலாமா? வீட்டில் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓஎம்ஆர்_அக்கா

தாராளமாகக் கேள். ரெஸ்யூமோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பு: இந்த பிளாட் ஏன் வரவில்லை, எப்படி வந்தது என்று, உயிரியல் படிக்காத ஒருவருக்குப் புரிகிற மாதிரி. அதை வைத்துத்தான் உனக்கு ரைட்டிங் சரிப்படுமா என்று சொல்வேன்.

பழைய_பைப்பெட்

மதிப்பீட்டுக்கு ஸ்லைடு போடும்போது பேண்டை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். முழு மெம்பரேன் படத்தையும் லேடரோடு பின்ஸ்லைடாக வைத்திருங்கள், யாராவது கட்டாயம் கேட்பார்கள். தனித்தனியாக வளர்த்த மூன்று செல் தொகுதிகளில் ஓட்டுங்கள், ஒரே லைசேட்டை மூன்று கிணற்றில் ஊற்றி மூன்று என்று கணக்குக் காட்டாதீர்கள். ஜிஏபிடிஎச் அவ்வளவு தடித்து வருகிறது என்றால் கேமரா நிரம்பிவிட்டது என்று அர்த்தம், அதை வைத்து அளவு ஒப்பிட முடியாது. 7.5% ஜெல்லுக்குச் சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ் தோதான கன்ட்ரோல், 110 பக்கம் வரும், அதுவும் சவ்வுப் புரதம். ஆனால் அதையும் கொதிக்கவைக்காதீர்கள்.

முதல்வருட_முயல்

சார், அந்த ஏடிபியேஸுக்கான ஆன்டிபாடி எங்கள் லேபில் இருக்கிறது. கிண்டிக்கு யாராவது வந்தால் ஒரு அலிக்வாட் (சிறு பங்கு) தரலாம் என்று மேடம் சொன்னார்கள். ஐஸ் பெட்டி மட்டும் நீங்களே கொண்டுவரணும், எங்கள் ஐஸ் மெஷின் பழுது.